நாற்பத்து மூன்றாம் சுற்று

அவளிடம் ஒரு பொருளைக் காட்டி "இது இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு யாரும் சுலபமாகத் தப்பித்ததில்லை. "பிரிங்க, பாக்கலாம்" என்பாள். என் டிபன் பாக்ஸில் எலுமிச்சை சாதம் என்று நான் சொன்னாலும் அதே பதில்தான். திறந்து காட்டிய பிறகுதான் நம்புவாள், நம்பிய கையோடு பாதியை எடுத்துக்கொள்வாள். அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் "பையன் பெங்களூர்ல பெரிய கம்பெனியில இருக்கறான்" என்று சொன்னபோது, எந்தக் கம்பெனி, எந்த செக்ஷன், எந்த ஷிஃப்ட், கேட் பாஸ் கையில் இருக்கிறதா என்று காப்பித் தட்டைப் பிடித்தபடியே கேட்டிருக்கிறாள். வந்தவர்கள் கேசரியைக்கூட முடிக்காமல் கிளம்பிவிட்டார்கள். மறுநாள் அதை எங்களிடம் சொன்னபோது அவளுக்குத் துளி வருத்தம் இல்லை. "கேசரி நல்லாத்தான் இருந்துச்சு. மிச்சத்த நாங்களே சாப்ட்டம்" என்றாள்.

அவள் பெயரை எழுதப் போவதில்லை. எங்கேயாவது இதைப் படித்துவிட்டு, ஒவ்வொரு வரியையும் பிரித்துக் காட்டச் சொல்லி வந்து நிற்பாள். அந்தத் தெம்பு இப்போது எனக்கு இல்லை.

எண்பதுகளில் மூக்கண்டப்பள்ளியை ஒட்டிய தொழிற்பேட்டையில், ஒரு சிறிய பட்டறையில் நாங்கள் ஏழு பெண்கள் வேலை பார்த்தோம். ஜெனரேட்டர் செய்கிற பட்டறை. டீசல் எஞ்சின் வெளியிலிருந்து வரும். அது சுழற்றிவிடுகிற, மின்சாரம் தருகிற பகுதியைத்தான் நாங்கள் செய்தோம். அப்போது ஓசூரில் மின்வெட்டு அப்படி. பெரிய கம்பெனிகள் எல்லாம் ஜெனரேட்டருக்கு அலைந்தன. ஊரே மின்வெட்டைத் திட்டிக்கொண்டிருந்தபோது எங்களுக்கு மட்டும் அது சோறு போட்டது.

எங்கள் வேலை கம்பி சுற்றுவது. ஒரு மர அச்சைக் கைப்பிடியால் சுழற்ற வேண்டும், செப்புக் கம்பி அதன்மேல் சுற்றிக்கொண்டே வரும். நாற்பத்திரண்டு சுற்று ஆனதும் கட்டி எடுத்தால் ஒரு காயில். அப்படிப் பல காயில்களைச் சுற்றி, பீப்பாய் மாதிரி இருக்கிற இரும்புக் கூட்டின் உள்சுவரில் வரிசையாக இருக்கும் காடிகளுக்குள், அதாவது நீளப் பள்ளங்களுக்குள், காகிதம் வைத்துச் செருக வேண்டும். அந்தக் கூட்டுக்கு ஸ்டேட்டர் என்று பெயர். காந்தம் அதன் நடுவில் நின்று சுழலும். ஒரு ஸ்டேட்டரை ஒருத்திதான் முழுக்கச் சுற்றுவாள், அவளுடைய எண்ணைத் தகரத்தில் அடித்து அதில் தொங்கவிடுவாள். என் எண் ஏழு, அவள் எண் மூன்று.

சுற்றி முடித்தால் எங்கள் கதை அதோடு சரி. காயில் முனைகளை ஒன்றோடொன்று இணைப்பதும், எஞ்சினில் மாட்டி ஓட்டிப் பார்ப்பதும் ஆண்களின் வேலை. பக்கத்தில் டெஸ்டிங் ரூம் இருந்தது. அதற்குள் பெண்கள் போகக் கூடாது, தாவணி மாட்டிக்கொள்ளும் என்று காரணம் சொன்னார்கள். தாவணிக்கு மேல் கம்பெனி கோட்டுப் போட்டுப் பொத்தானும் மாட்டியிருக்கிற எங்களிடம் இதைச் சொன்னார்கள். நாங்கள் சுற்றிய கம்பியில் மின்சாரம் வருவதை நாங்கள் பார்த்ததே இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் எஞ்சின் உறுமும், அவ்வளவுதான். எங்களில் ஆறு பேருக்கு அது ஒரு குறையாகவே தோன்றவில்லை. அவளுக்கு மட்டும் தினமும் எரிச்சல்.

எண்ணுவதைப் பற்றிச் சொல்ல வேண்டும். அச்சைச் சுழற்றுகிற இயந்திரத்தில் எண் காட்டுகிற கருவி ஒன்று இருந்தது. பல் தேய்ந்து, முப்பதுக்குப் பிறகு இஷ்டத்துக்கு ஓடும். அதனால் வாயால் எண்ணினோம். அவள் வீட்டில் தெலுங்கு. எங்களோடு தமிழில் பேசுவாள், பஸ் கண்டக்டரோடு கன்னடத்தில் சண்டை போடுவாள், எண்ணுவது மட்டும் தெலுங்கில். ஒகட்டி, ரெண்டு, மூடு என்று உதடு அசையும், சத்தம் மெல்லியதாகக் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் தமிழில் எண்ணுவேன். எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவள் கன்னடத்தில். மூன்று மொழி எண்கள் ஒரே அறைக்குள் கலந்து கிடக்கும், யாருக்கும் குழம்பாது.

ஆனால் நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு. எண்ணிக்கை தவறிய காயிலை அவிழ்த்துத்தான் ஆக வேண்டும், வளைந்த கம்பியை மறுபடி நேராக்கவும் முடியாது. அப்படிப் பல காயில்கள் வீணான பிறகு மேனேஜரே ஒரு தகரப் பலகையில் பெயிண்டால் எழுதி எங்கள் தலைக்கு மேலே மாட்டினார்: "எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது." அந்த விதியை அவள் ஒருத்திதான் முழுசாகக் கடைப்பிடித்தாள். ஒருமுறை பெங்களூரிலிருந்து வந்த வாடிக்கையாளர் ஒருவர், பெரிய மனிதர், அவள் முன்னால் நின்று என்னவோ கேட்டார். அவள் நிமிரவில்லை. அவர் மறுபடி கேட்டார். அவள் நாற்பத்திரண்டையும் முடித்து, காயிலைக் கட்டி, மேஜையில் வைத்துவிட்டு, "இப்ப கேளுங்க" என்றாள். அவருக்குக் கேட்க வந்ததே மறந்துவிட்டது. மேனேஜரால் அவளைத் திட்ட முடியவில்லை, பலகை அவருடைய கையெழுத்தில் அல்லவா இருந்தது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இதை நான் நியாயமாகவே சொல்கிறேன். எதையும் பிரித்துப் பார்க்கப் பிடிக்காதவர், அவ்வளவுதான். அப்படிப்பட்டவர்கள்தான் பெரும்பாலும் மேனேஜர் ஆகிறார்கள்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவள் தன் அண்ணனின் சைக்கிள் டைனமோவைப் பிரித்துவிட்டாள். டயரில் உரசிச் சுழலும், முன்விளக்கு எரியும், அந்தச் சின்ன டைனமோதான். அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க ஸ்க்ரூவைக் கழற்றியிருக்கிறாள். அண்ணன் வந்து பார்த்தபோது வாசற்படியில் ஒரு காந்த உருளையும் ஒரு கம்பிச் சுருளும் ஏழெட்டு வாஷரும் கிடந்தன. ஒரு அறை விட்டானாம். மறுநாள் கன்னம் வீங்கி வந்தாள், ஆனால் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஏமே, அது ரெண்டும் ஒன்ன ஒன்னு தொடவேயில்ல தெரியுமா" என்றாள் என்னிடம்.

"எது ரெண்டும்?"

"காந்தமும் கம்பியும். நடுவுல எடம் உட்டு வெச்சிருக்கறான். காந்தம் அதும்பாட்டுக்கு சுத்துது. கம்பி அதும்பாட்டுக்கு கம்முனு கெடக்குது. தொடாமலே கம்பிக்குள்ள கரண்ட் வருது. நாம சுத்தறமே, இதே கததான். காந்தத்தோட ஒரு தல கம்பிய தாண்டறப்ப கரண்ட் இப்படி ஓடுது. மறு தல தாண்டறப்ப அப்படியே திரும்பி ஓடுது. போவுது, வருது, போவுது, வருது."

அண்ணன் அறைந்ததற்கு என்ன பண்ணினாய் என்று கேட்டேன். "திரும்ப மாட்டிக் குடுத்தன். முன்னவிட நல்லா எரியுது. அதுல ஒரு வாஷரு மிச்சம்" என்றாள். அந்த வாஷரைக் கயிற்றில் கோத்து ரொம்ப நாள் சாவிக்கொத்தோடு வைத்திருந்தாள்.

ஆனால் இந்தப் போவதும் வருவதும் அவளைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு நாள் மேனேஜரை வழிமறித்தாள். "சார், ஒரு செகண்டுக்கு அம்பது தடவ போயிட்டுப் போயிட்டு வருதுன்னா, கரண்ட் ஊட்டுக்கு எப்ப வந்து சேருது?" மேனேஜர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, "அது உனக்கெதுக்கு? நீ நாப்பத்தி ரெண்ட ஒழுங்கா எண்ணு" என்றார். அவருக்கும் தெரியாது என்பது அவர் நடந்துபோன வேகத்திலேயே தெரிந்தது. பத்து நாள் கழித்து பாகலூர் ரோட்டில் மர அறுவைப் பட்டறையைத் தாண்டிப் போகும்போது அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று பெரிய ரம்பத்தை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ரம்பம் எங்கேயும் போய்ச் சேரவில்லை, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய் வந்தது, மரம் மட்டும் அறுபட்டுக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையில் மேனேஜர் உள்ளே நுழைந்ததும் போய்ச் சொன்னாள். "சார், கரண்ட் எங்கயும் போய்ச் சேர வேணாம். போய் வந்தாலே வேல ஆவுது." அவர் அவளைப் பார்த்த பார்வையில் ஒரு வெறுப்பு இருந்தது. அன்றே அது எனக்குப் பயமாக இருந்தது.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்தது புரியாது. நாங்கள் கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு வந்த குடும்பம். அத்தா, அதாவது என் அப்பா, பஜாரில் பாத்திரக் கடை வைத்திருந்தார். எங்கள் சொந்தத்தில் வேலைக்குப் போன முதல் பெண் நான். எத்தனையோ பேர் வாய்க்கு அஞ்சாமல் அத்தா என்னை அனுப்பினார், ஒரு நிபந்தனையோடு. "உன் பேர்ல ஒரு சொல்லு வரக் கூடாதும்மா. வந்துச்சுன்னா அன்னியோட நின்னுக்கணும்" என்றார். நானும் சரி என்றேன். பட்டறையில் ஒரு புகார் நோட்டு உண்டு. அதில் ஒருத்தியின் எண் ஏறினால் மாசக் கடைசியில் நிறுத்திவிடுவார்கள். எனக்கு அந்த வேலை உயிர். காலையில் கோட்டைப் போட்டுப் பொத்தான் மாட்டும்போது எனக்கு என்னைப் பிடித்திருந்தது. வேறு எப்போதும் அப்படி இருந்ததில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை மேனேஜர் டெஸ்டிங் ரூமிலிருந்து ஒரு தகரத்தை ஆட்டிக்கொண்டே வந்தார்.

"ஏழாம் நம்பர் யாரு?"

எழுந்து நின்றேன்.

"உன் மிஷின் ஃபெயிலு. மூணு பேஸ்ல ரெண்டு சரியா இருக்குது, மூணாவதுல பாதிதான் வோல்ட் வருது. பராக்கு பாத்துக்கிட்டே சுத்துனியா?"

பேஸ் என்றால் ஸ்டேட்டருக்குள் தனித்தனியாகப் போகிற மூன்று கம்பி வரிசைகளில் ஒன்று. மூன்றும் சரிசமமாக மின்சாரம் தர வேண்டும். நான் எண்ணித்தான் சுற்றினேன் என்று சொல்ல வாய் வரவில்லை. அழுகைதான் வந்தது. அவர் புகார் நோட்டைத் திறந்து என் எண்ணை எழுதினார். டெஸ்டிங்காரர், நடுவயது மனிதர், என் ஸ்டேட்டரைத் தள்ளுவண்டியில் வைத்து எங்கள் அறைக்கே உருட்டிக்கொண்டு வந்தார். காயில்களை உளியால் வெட்டி எடுத்துவிட்டு நான் மறுபடி சுற்ற வேண்டும் என்று ஏற்பாடு. வெட்டிவிட்டால் தப்பு எங்கே என்பது யாருக்கும் ஒருபோதும் தெரியப் போவதில்லை. நோட்டில் இருக்கிற என் எண் மட்டும் மிஞ்சும்.

அவள் காயிலைக் கட்டி வைத்துவிட்டு எழுந்து வந்தாள். வண்டியிலிருந்து இறக்கி நிமிர்த்தி வைத்த ஸ்டேட்டர் ஒரு முக்காலி உயரம் இருக்கும். நேராகப் போய் அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"எந்திரி" என்றார் மேனேஜர்.

"பிரிங்க சார், பாக்கலாம்."

"பிரிக்கத்தான போறாங்க?"

"வெட்டறதும் பிரிக்கறதும் ஒன்னா? வெட்டிட்டா எண்ண முடியாது." டெஸ்டிங்காரர் பக்கம் திரும்பினாள். "அண்ணா, எவ்ளோ வோல்ட் வந்துச்சு?"

"மத்தது ரெண்டும் இருநூத்தி நாப்பது. இது நூத்தி இருவது."

"சரியா பாதியா?"

"சரியா பாதிதாம்மா."

அவள் மேனேஜரைப் பார்த்தாள். "இவ எண்ணிக்க தப்புனான்னே வெச்சுக்கங்க. ரெண்டு சுத்து கொறையும், நாலு சுத்து கொறையும். வோல்ட்டும் அதுக்குத் தக்கனதான கொறையணும். அதெப்படி சார் சரியா பாதி கொறையும்? பாதிக் கம்பிய இவ தின்னுட்டாளா?"

பெண்கள் சிரித்துவிட்டார்கள். மேனேஜர் சிரிக்கவில்லை. சாப்பாட்டு மணி அடித்தது. அவள் எழவில்லை. என்னிடம் தூக்கை எடுத்துவரச் சொல்லி, அந்த இரும்புக் கூட்டின்மேல் உட்கார்ந்தபடியே களியை மொச்சைக் குழம்பில் தோய்த்துச் சாப்பிட்டாள். டெஸ்டிங்காரர் உளியைப் பையில் போட்டுக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். கடைசியில் மேனேஜர் சொன்னார்: "நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் டைம். நீ என்ன காட்டறியோ காட்டு. காட்ட முடியலன்னா நோட்டுல உன் நம்பரும் சேந்து ஏறும்."

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்குக் கோபம் அவள்மேல்தான் வந்தது. "நான் போனா என்னோட போவட்டும். உன்ன யாரு வந்து உக்காரச் சொன்னது?" என்றேன். அவள் காதில் வாங்கவில்லை. பாதி என்ற சொல்லையே வாய்க்குள் போட்டு மென்றுகொண்டிருந்தாள். அப்போது டவுன் பஸ் ஒன்று நின்றுபோய், நாலைந்து பேர் இறங்கித் தள்ளினார்கள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பேஸ்ல எத்தன கூட்டம் காயிலு?"

"நாலு."

"நாலு பேரு பஸ்ஸ தள்றாங்க. அதுல ஒருத்தன் முன்னாடி போய் நின்னுக்கிட்டு எதிர்ப்பக்கமா தள்ளினா என்ன ஆவும்? அவனும் போச்சு, அவனுக்கு ஈடா தள்ற இன்னொருத்தனும் போச்சு. ரெண்டு பேரு தள்றதுதான் மிச்சம். பாதி." அவள் கண்கள் மின்னின. "ஏமே, நீ சரியாத்தான் சுத்தியிருக்கற. கனெக்ஷன் குடுக்கறப்ப ஒரு கூட்டத்த தலைகீழா மாட்டிட்டாங்க."

"அத எப்படிக் காட்டுவ?"

"காந்தம் சுத்துனா கம்பியில கரண்ட் வருது. கம்பியில கரண்ட் உட்டா கம்பி காந்தமாவும். காலிங் பெல்லு அப்படித்தான அடிக்குது." காலிங் பெல்லையும் எப்போதோ பிரித்திருக்கிறாள். "நாலு கூட்டமும் மாத்தி மாத்தி வடக்கு, தெக்கு, வடக்கு, தெக்குன்னு நிக்கணும். எது மாறி நிக்குதுன்னு ஒரு காந்த முள்ள வெச்சுப் பாத்தா தெரிஞ்சிரும். உங்க ஊட்ல காந்த முள்ளு எதுனா இருக்குதா?"

இருந்தது. அத்தா கடையின் பின்னறையில் தொழும்போது திசை பார்ப்பதற்காக, துபாயிலிருந்து மாமா கொண்டுவந்து கொடுத்த காம்பஸ். உள்ளங்கை அகலம், கண்ணாடிக்குள் ஒரு முனை பச்சையும் மறு முனை சிவப்புமாக ஒரு முள். அதைக் கேட்க வேண்டுமென்றால் அத்தாவிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னேன். என் பேரில் ஒரு சொல் வந்துவிட்டது என்பதையும் சேர்த்தே சொன்னேன். அத்தா கடைசிவரை கேட்டார். பிறகு கையைக் கழுவிவிட்டு வந்து, அலமாரியிலிருந்து காம்பஸை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றிக் கொடுத்தார். "கீழ போட்டுறாத. மஃரிபு தொழுகைக்குள்ள கொண்டாந்துரு" என்றார். வேலையை விட்டு நின்றுகொள் என்று அவர் சொல்லவில்லை. அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு அவள் டெஸ்டிங் ரூம் கதவைத் திறந்து உள்ளே போனாள், ஸ்டேட்டர் இருந்த தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். மற்ற ஐந்து பேரும் வாசலில் நின்றார்கள். தாவணி எதிலும் மாட்டிக்கொள்ளவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் பேட்டரியிலிருந்து இரண்டு கம்பி எடுத்து, முதலில் சரியாக இருக்கிற ஒரு பேஸுக்குக் கொடுக்கச் சொன்னாள். டெஸ்டிங்காரர் கொடுத்தார். அவருக்கும் ஆர்வம் வந்துவிட்டிருந்தது. அவள் காம்பஸைக் கூட்டுக்குள் இறக்கி, உள்சுவரை ஒட்டி மெதுவாக வட்டமாக நகர்த்தினாள். முள் திரும்பிச் சுவரைக் காட்டியது. பச்சை. கால் வட்டம் தள்ளி, சிவப்பு. அப்புறம் பச்சை, அப்புறம் சிவப்பு. பிறகு கம்பிகளை மூன்றாவது பேஸுக்கு மாற்றினார்கள். பச்சை. சிவப்பு. அடுத்தது பச்சை வர வேண்டிய இடத்தில் மறுபடியும் சிவப்பு. நாலாவதும் சிவப்பு.

டெஸ்டிங்காரர் குனிந்து, மூன்றாவது கூட்டத்தின் முனைகளைத் தடவிப் பார்த்தார். "மாத்திக் குடுத்துட்டேன் சார். என் தப்புதான்" என்றார். அதை அவர் மென்று விழுங்காமல் சொன்னார் என்பதை இங்கே எழுதி வைக்க வேண்டும். இரண்டு முனைகளை மாற்றி இணைக்க அரை மணி நேரம் ஆனது. மேனேஜர் எங்களைப் பார்த்து, "சரி, போய் வேலையப் பாருங்க" என்றார்.

"ஓடறதப் பாத்துட்டுப் போறம்" என்றாள் அவள். "நாங்க சுத்துனது."

எஞ்சினில் மாட்டி ஓட்டினார்கள். சுவரில் மூன்று வரிசையாகக் குண்டு பல்புகள் மாட்டியிருந்தன, ஒரு பேஸுக்கு ஒரு வரிசை. எஞ்சின் வேகம் ஏற ஏற அவை சிவந்து, மஞ்சளாகி, மூன்று வரிசையும் ஒரே மாதிரி வெள்ளையாக எரிந்தன. மூன்று வருஷமாகக் கம்பி சுற்றியும், நாங்கள் செய்ததை நாங்கள் பார்த்தது அன்றுதான். எனக்குச் சந்தோஷம்தான், ஆனால் அதைவிடக் கோபம். இத்தனை நாள் ஒரு சுவரைக் கட்டி இதை எங்களிடமிருந்து மறைத்து வைத்திருந்தார்களே என்ற கோபம். அவள் அசையாமல் நின்று பல்புகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேனேஜரிடம் திரும்பி, "நோட்டுல ஏழாம் நம்பர கோடு போட்டு அடிங்க சார்" என்றாள். எல்லோர் முன்னாலும் அவர் அடித்தார்.

அதை அவர் மறக்கவில்லை. இரண்டு நாள் கழித்து டைப் அடித்த ஒரு தாளை அவள் மேஜையில் வைத்தார். வேலைக்கு இடையூறு செய்ததற்காக வருந்துகிறேன், இனிமேல் சொன்னதை மட்டும் செய்வேன் என்று அதில் இருந்தது. அவள் கையெழுத்துப் போட வேண்டும். அவள் இரண்டு முறை படித்தாள். "எதுக்கு வருந்தறன்னு இதுல இல்லையே சார். கொஞ்சம் பிரிச்சு எழுதிக் குடுங்க" என்றாள். அவர் எழுதிக் கொடுக்கவில்லை. அடுத்த நாளும் தாள் வந்தது, அதற்கடுத்த நாளும் வந்தது. அவள் வீட்டில் அப்போது அவளுடைய சம்பளம் இல்லாமல் அடுப்பு எரியாது என்று எனக்குத் தெரியும். போட்டுவிடேன், ஒரு கையெழுத்துதானே என்று நானே கெஞ்சினேன். இன்றைக்கு நினைத்தாலும் அதற்காக வெட்கப்படுகிறேன். அவள் என்னைத் திட்டவில்லை. "உன் நம்பர அடிச்சாங்க இல்ல. இதுல போட்டன்னா அது திரும்ப ஏறின மாதிரிதான்" என்றாள்.

நாலாவது நாள், சாப்பாட்டு மணிக்கு ஐந்தாறு நிமிஷம் இருக்கும்போது மேனேஜர் தாளோடும் பேனாவோடும் வந்தார். வரும்போதே, "இப்ப போடலன்னா மத்தியானம் கேட்டுக்குள்ள வரக் கூடாது" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். அவள் அச்சைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டோ ஒன்பதோ ஓடிக்கொண்டிருந்தது. அவர் மேஜை முன்னால் நின்று வாயைத் திறந்தார். அவர் பார்வை தன்னையறியாமல் மேலே போனது. அங்கே அவருடைய பலகை இருந்தது. வாயை மூடிக்கொண்டார். இன்னும் பத்துப் பதினைந்து சுற்று, அதற்குப் பிறகு கை நிற்கத்தானே வேண்டும் என்று காத்திருந்தார்.

"நலபை ஒகட்டி. நலபை ரெண்டு."

கை நிற்கவில்லை.

"நலபை மூடு."

நாங்கள் ஆறு பேரும் நிமிர்ந்து பார்த்தோம். அவள் வாயிலிருந்து நாற்பத்து மூன்று வந்து நாங்கள் கேட்டதே கிடையாது. ஒரு சுற்றுக்கூடக் கூடவோ குறையவோ அவள் சுற்றியதில்லை. அவள் நிமிரவில்லை, வேகத்தையும் மாற்றவில்லை. நாற்பத்து நான்கு, நாற்பத்தைந்து என்று தெலுங்கில் எண்ணிக்கொண்டே போனாள், சத்தம் மட்டும் கொஞ்சம் கூடியிருந்தது. மேனேஜர் பேனாவை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். எனக்கு என்ன தைரியம் வந்ததோ தெரியவில்லை, நானும் வெறும் அச்சில் கம்பியை மாட்டி, "ஒண்ணு, ரெண்டு" என்று உரக்க ஆரம்பித்தேன். எதிரில் இருந்தவள் "ஒந்து, எரடு" என்றாள். ஏழு பேரும் எண்ணினோம். அந்த அறையில் எண்ணாமல் நின்றது அவர் ஒருவர்தான். அவரோடு பேச யாருக்கும் நேரம் இல்லை.

அவள் காயில் அச்சின் விளிம்பைத் தாண்டிப் பிதுங்கி மேஜையில் வழிந்தது. சாப்பாட்டு மணி அடித்தது. அவர் தாளைக் கம்பி உருளையின் அடியில் செருகிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே போனார்.

அவள் கையை நிறுத்தினாள். தாளை எடுத்து விரலால் தடவிப் பார்த்தாள். "ரொம்ப மெலிசு. காடியில வெக்கக்கூட ஆவாது" என்று குப்பைக் கூடையில் போட்டாள்.

மத்தியானம் கேட்டில் வாட்ச்மேன் எங்களை எண்ணி உள்ளே விட்டார், ஏழு பேர். மேனேஜர் தன் அறைக் கதவைச் சாத்தியிருந்தார். அந்தத் தாள் அதற்குப் பிறகு வரவே இல்லை. அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் அங்கேதான் இருந்தாள். பிறகு மாலூர்ப் பக்கம் கல்யாணமாகிப் போனாள், மாப்பிள்ளையின் கேட் பாஸைக் கையில் வாங்கிப் பார்த்த பிறகுதான்.

அன்று மத்தியானம் நாங்கள் வந்து உட்கார்ந்தபோது அந்தத் தப்பான காயில் அவள் மேஜையிலேயே கிடந்தது. எத்தனை சுற்று என்று கேட்டேன்.

"நூத்தி எழுவத்தி மூணு."

மேனேஜர் எதிரில் நிற்க, வேலை போகிற நிலையில், ஆறு பேர் மூன்று மொழியில் கத்திக்கொண்டிருக்க, அவள் எண்ணிக்கை தவறவில்லை என்று எப்படி நம்புவது? "பிரிச்சுப் பாக்கட்டுமா?" என்றேன். அவளிடம் அதைச் சொன்ன முதல் ஆள் நான்தான். அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள், பிறகு காயிலை என் மடியில் தள்ளினாள்.

"பிரி."

ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்து எண்ணினேன். முடிகிற வரைக்கும் யாரும் பேச்சுக் கொடுக்கவில்லை. நூற்று எழுபத்து மூன்று இருந்தது.